முன்பல்லும் முன்ஃபோர்க்கும்

புல்லட்டை ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொன்செல்வி ஒரே பதிலைத்தான் சொன்னாள். "பிடிச்சிருந்தது, வாங்கினேன்." அதற்கு மேலும் கேட்டவர்களுக்கு அதையே இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கரமனையில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டில் அவளும் கணவர் விஜய்குமாரும் குடியிருந்தார்கள். மகள் கோட்டயத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விஜய்குமார் ஆரியசாலைக்காரர். அம்மாவும் அண்ணனும் அங்கேயே வத்தல் மொத்த வியாபாரத்தோடு இருக்க, இவர் மட்டும் மிளகாய் நெடியில் உட்கார முடியாது என்று எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்து, கழக்கூட்டம் ஐடி பார்க்கில் ஒரு கட்டடத்தின் மின்சார வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஆனார். கையில் எப்போதும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருக்கும் மனிதர். கியர் வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

பொன்செல்வி சுசீந்திரத்துப் பெண். வஞ்சியூரில் ஒரு டென்டல் லேபில் பத்தொன்பது வருடமாக வேலை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்துப் பல்லுக்குக் கேப் செய்வாள், பல் செட் செய்வாள். ஊரில் யாராவது வாய் விட்டுச் சிரித்தால் அவள் கண் முதலில் போவது பல்லும் ஈறும் சேரும் ஓரத்துக்குத்தான். அது தன் வேலையா, வேறு லேப் வேலையா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள். கையில் அப்படியொரு நிதானம். ஊசி முனையளவு உலோகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, போதும் என்று நிறுத்தத் தெரிந்த கை.

வலியதுறையில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனபோதுதான் அந்த வண்டியைப் பார்த்தாள். எண்பத்து நாலாம் வருட புல்லட். கார் ஷெட்டின் மூலையில் கடல் காற்றைத் தின்றுகொண்டு பதினோரு வருடமாக நின்றிருந்தது. எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் சொன்னதே டாக்டருக்கு நிம்மதியாக இருந்தது. பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டாள். ஒரு மாதத்தில் எஞ்சின் முழுக்க வெள்ளி நிறப் பெயின்ட் பூசி, புது டயர் போட்டு, டபடபவென்று ஓட்டிக்காட்டினார்கள். முன்பக்கத்து ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எல்லாம் பக்கா என்று பதில் வந்தது. அதை நம்பினாள். பிறகு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவள் தன்மேல் குறை சொல்லிக்கொள்ளும் முதல் இடம் இது: கேட்டவள் பார்த்திருக்கவும் வேண்டும்.

ஓட்டக் கற்றுக்கொள்ள நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக் ஓட்டி வந்தவர்களுக்கு இது பெரிய தடுமாற்றம். பொன்செல்விக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் பழக்கம் என்பதால் மறக்க வேண்டியது எதுவும் காலில் இல்லை. லைசென்ஸையும் மாற்றி எழுதி வாங்கினாள்.

முதல் பயணம் பழவங்காடி பிள்ளையார் கோவிலுக்கு. விஜய்குமார் பின்னால் உட்கார்ந்தார், மடியில் தேங்காய்ப் பை. கோவில் முன்னால் வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் தொட்டு, ஏழு தேங்காய் உடைத்தார்கள். திரும்பும் வழியில், கிள்ளிப்பாலம் தாண்டி, மழைநீர் நின்ற ஒரு பள்ளம். பெரிய பள்ளம் ஒன்றுமில்லை, ஸ்கூட்டரில் தினமும் கடக்கிற மாதிரியான ஒன்று. முன்சக்கரம் அதில் இறங்கியதும் கைப்பிடி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. வேகம் குறைவு. அவளுக்கு முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்தது. விஜய்குமாருடைய முகம் அவள் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் மோதியது. மேல் முன்பல் இரண்டும் பாதியோடு போயின.

அடுத்த நாள் ஆரியசாலையிலிருந்து மாமியார் முத்தாரம்மாள் ஆட்டோ பிடித்து வந்தாள். மகன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சண்டை போடும் குரலில் இல்லாமல் ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள்:

"தேங்கா உடைச்சது நீ. பல்லு உடைஞ்சது எனக்க பிள்ளைக்கு."

பொன்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். விஜய்குமாருக்கும் வந்தது, ஆனால் சிரித்தால் வலித்தது. வண்டியை இந்த வாரமே தள்ளிவிட வேண்டும் என்று முத்தாரம்மாள் முடிவாகச் சொன்னாள். அண்ணன் ஃபோனில் அதையே சொன்னார். லேபில் கூட இரண்டு பேர் சொன்னார்கள்.

விஜய்குமார் மட்டும் விற்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, காற்று போகிற வாயோடு சொன்னார்: "விக்கணும்னு உனக்குத் தோணிச்சுன்னா வித்திரு செல்வி. எனக்க பல்லுக்காக விக்காத."

அவள் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாள். பிறகு, முதலில் உங்கள் பல்லை முடிக்கிறேன், அப்புறம் வண்டி என்றாள்.

பல்லை அவளே செய்தாள். டாக்டர் அளவெடுத்து லேபுக்கு அனுப்பியபோது வேறு யாரையும் தொட விடவில்லை. விஜய்குமாருடைய இடது முன்பல் பிறவியிலேயே கொஞ்சம் திரும்பியிருக்கும். இதுதான் சாக்கு என்று நேராக்கிவிடலாமா என்று டாக்டர் கேட்டிருந்தார். கூடாது என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த முகம், அதில் எந்தத் திருத்தமும் தேவையில்லை. அதே திருப்பம், அதே லேசான மஞ்சள், ஓரத்தில் இருந்த தேய்மானம்கூட. கேப் பொருத்திய அன்று கழக்கூட்டத்தில் பாதிப்பேருக்கு அவர் பல் போனதே கனவு போல ஆகிவிட்டது.

இனி வண்டி.

பைபாஸ் ஒர்க்‌ஷாப்புக்கு அவள் திரும்பப் போகவில்லை. நேமத்தில் அபின் என்று ஒரு மெக்கானிக் இருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும், பழைய புல்லட் மட்டும் பார்ப்பவர். அவர் மலையாளத்தில் பேசுவார், இவள் தமிழில் பேசுவாள், இருவருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை. வண்டியைக் குட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனாள். இந்தத் தடவை, கழற்றும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஃபோர்க் என்பது பெரிய மர்மம் இல்லை. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கால். ஒவ்வொரு காலிலும் மேலே ஒரு இரும்புப் பைப்பு, கீழே அதை உறை மாதிரி வாங்கிக்கொள்ளும் அலுமினியக் குழல். ஒர்க்‌ஷாப்பில் அதை பாட்டம் என்பார்கள். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். எண்ணெய் வெளியே வராமல் பைப்பைச் சுற்றி ரப்பரில் ஒரு ஆயில் சீல். பள்ளத்தில் இறங்கினால் இரண்டு காலும் ஒன்றாக அமுங்கி ஒன்றாக எழ வேண்டும்.

அபின் கீழே நட்டைக் கழற்றினார். இடது காலிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் எண்ணெய் வந்தது. வலது காலிலிருந்து இரண்டு ஸ்பூன் துருத் தண்ணீர். வலது பைப்பு வளைந்திருந்தது. பழைய வளைவு, எந்தக் காலத்திலோ எதிலோ இடித்தது. சீல் உரசுகிற இடம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரித் துருக்குழி. அன்றைக்குப் பள்ளத்தில் இடது கால் அமுங்கியிருக்கிறது, வலது கால் பாதியில் சிக்கி நின்றிருக்கிறது. கைப்பிடி பிடுங்கிக்கொண்டது அதனால்தான்.

பொன்செல்வி அந்தப் பைப்பைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். தான் ஓட்டத் தெரியாமல் விழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறுதியானது. இரண்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சந்தேகம் அது.

பழைய பைப்பைச் சரிசெய்யலாமா என்று அவள் கேட்கவில்லை. போனது போனதுதான், புதுசு வரவழையுங்கள் என்றாள். இதை அபின் எதிர்பார்க்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாம் எதையும் மாற்றாதே என்று அழுவார்கள், சேச்சிக்கு அந்த நோய் இல்லை என்று சொன்னார்.

பத்து நாளில் ஒரு ஜோடி வந்தது. ரப்பர் மாதிரி எண்ணெய்த் தாளில் சுற்றி, பளபளவென்று. அபின் அன்றைக்கே மாட்டியிருப்பார். பொன்செல்வி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வருகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டார். பார்க்கத்தான் என்றாள்.

வரவேற்பறை டீப்பாயின் மேலே கனத்த கண்ணாடி ஒன்று இருந்தது. அதன்மேல் பைப்பைக் கிடத்தி மெல்ல உருட்டினாள். லேபில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே மோதுகிறது என்று பார்க்க நீலத் தாள் உண்டு. கனம் இத்தனை மைக்ரான் என்று எழுதி வரும். அதில் ஒரு கத்தையை எடுத்து வந்திருந்தாள். முதல் பைப்புக்குக் கீழே தாள் எங்கேயும் நுழையவில்லை. இரண்டாவது பைப்பில், உருட்டி ஒரு நிலைக்கு வந்ததும், நடுவில் ஒரு தாள் நுழைந்தது. இரண்டு சேர்த்து நுழைத்தாள். அதுவும் போனது. விஜய்குமாரைக் கூப்பிட்டு, தாளை அவர் கையில் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றாள். அவர் மூன்று தடவை பார்த்தார். வேலை செய்கிற இடத்தில் அளக்காத எதையும் நம்பாத மனிதர்; பைப்பை மட்டுமல்ல, பெண்டாட்டியையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் நேமத்தில் அபினுடைய கண்ணாடி மேஜையில் அதே சோதனை. அபின் முதலில் தாளைப் பார்த்தார், பிறகு பைப்பைப் பார்த்தார், பிறகு அட்டைப் பெட்டியின் முகவரியை எடுத்து ஃபோன் செய்தார். கடைக்காரன் புதுசு எப்படி வளைந்திருக்கும் என்று வாதாடினான். வாதம் முடிந்து பைப்பை மாற்றித் தர மூன்று வாரம் ஆனது. அடுத்து வந்த பைப்புக்கும் அதே கண்ணாடி, அதே தாள். அது நேர்.

அந்த மூன்று வாரத்தில் பொன்செல்வி எஞ்சினைக் கையில் எடுத்தாள். எஞ்சினுக்குள்ளே போகிற வேலை அபினுடையது, வெளித்தோல் என்னுடையது என்று பேச்சு. பக்கத்து மூடிகள் மூன்றையும் — டைமிங் கவர், செயின் கேஸ், கியர்பாக்ஸ் கவர் — கழற்றி, ஃபோர்க்கின் அலுமினிய பாட்டம் இரண்டையும் சேர்த்து, ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கீழ்வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய லேப் மோட்டாரில் துணிச்சக்கரம் மாட்டி வேலை நடந்தது. சனிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் முகமூடியும் கண்ணாடியும் போட்டு ஒரு உருவம் குனிந்திருக்கும்.

வெள்ளிப் பெயின்டை உரித்ததும்தான் எதை மறைக்கப் பூசினார்கள் என்று தெரிந்தது. உப்புக்காற்று அலுமினியத்தை அரித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் கவலைப்படவில்லை. வாய்க்குள்ளே பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிற உலோகத்தைப் பார்த்தவளுக்கு இது பெரிய அரிப்பு இல்லை. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, நைசு, அதைவிட நைசு என்று ஐந்து தாள், எல்லாம் தண்ணீர் தொட்டு. ஒரு தாளின் கீறல் அடுத்த தாளில் முழுசாகப் போகும்வரை மூன்றாவதைத் தொடக்கூடாது. அவசரப்பட்டால் கடைசியில் பளபளப்புக்கு அடியில் பழைய கீறல் எட்டிப் பார்க்கும். பிறகு துணிச்சக்கரமும் பாலிஷ் கட்டியும்.

ஒரு தடவை செயின் கேஸின் ஓரம் சக்கரத்தில் சிக்கி, கையிலிருந்து பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. ஓரத்தில் ஒரு சொட்டை. அதையும் அரம் வைத்துச் சரிசெய்தாள். அன்றைக்கு மட்டும் காபி குடிக்க ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டாள்.

அபினோடு ஒரே ஒரு தர்க்கம் வந்தது. குரோம் மாதிரிக் கண்ணாடியாக மின்ன வேண்டும், மேலே லேக்கர் என்கிற கண்ணாடிப் பூச்சு அடித்துவிட்டால் பிறகு துடைக்கவே வேண்டாம் என்பது அவர் கட்சி. பொன்செல்விக்கு இரண்டும் பிடிக்கவில்லை. அவ்வளவு மின்ன வேண்டுமென்றால் இன்னும் நிறைய உலோகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். மூடியின் விளிம்பு மழுங்கிப்போகும், சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். லேக்கர் அடித்தால், இந்த ஊர்க் காற்றில் எங்காவது ஒரு சிறு கீறல் வழியாக உப்பு உள்ளே போய், லேக்கருக்கு அடியிலேயே வெள்ளைப் புழு மாதிரி அரிப்பு ஓடும். அலுமினியத்துக்கு அதன் சொந்த நிறம் இருக்கிறது. வெளுத்த, அமைதியான ஒளி. அதோடு நிறுத்தி, மெழுகு தடவி, வாரம் ஒருமுறை துடைத்தால் போதும் என்றாள்.

"வாரத்துக்கு ஒருக்க யாரு துடைப்பா?" என்று அபின் கேட்டார்.

"நான்தான். வேற யாரு?"

அதோடு அந்தத் தர்க்கம் முடிந்தது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதற்கு மட்டும் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட். கறுப்புக்குப் பக்கத்தில் அந்த வெளுத்த மூடிகளை மாட்டியபோது அபின் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் நின்ற வேறு வண்டி ஒன்றின் லேக்கர் அடித்த மூடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப இதைப் பார்த்தார். அவ்வளவு போதும் அவளுக்கு.

நேரான பைப்புகள் இரண்டு, புது ஆயில் சீல், அளந்து ஊற்றிய எண்ணெய், அவள் பாலிஷ் செய்த பாட்டம் என்று ஃபோர்க் முழுசானது. கைப்பிடியைப் பிடித்து அமுக்கினால் இரண்டு காலும் ஒன்றாக இறங்கி, ஒரே மூச்சில் எழுந்தது.

ஒன்பதாவது நாள் இடது கால் கசிந்தது.

லேபுக்குப் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தும்போது பார்த்தாள். பாட்டத்தின் மேலே எண்ணெய் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அபினுக்கு முகம் சுருங்கிப்போனது. சீலைப் பொருத்தியது அவர். கோணலாக இறங்கியிருக்கும் என்று சொல்லி, தன் செலவிலேயே புது சீல் மாட்டினார். ஆறு நாளில் அதுவும் கசிந்தது. அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். இன்னொரு கம்பெனி சீல் வரவழைக்கிறேன் என்றார்.

பொன்செல்வி கழற்றிய சீலை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனாள். கேப்பின் ஓரத்தைப் பார்க்கிற பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். ரப்பரின் மெல்லிய உதட்டில் மூன்று இடத்தில் கீறல். கீறலுக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுப்பு. நகத்தால் எடுத்து விரல் நடுவே தேய்த்தாள். நறநறவென்றது. அந்த நறநறப்பை அவளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். பாலிஷ் கட்டி.

பாட்டங்களைப் பளபளப்பாக்கியபின் சோப்புத் தண்ணீரில் கழுவியிருந்தாள். சீல் உட்காருகிற பள்ளத்தின் மூலையில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. லேபில் ஒரு கேப்பை அப்படிக் கழுவி அவள் ஒருநாளும் அனுப்பியதில்லை. பாலிஷ் முடிந்ததும் நீராவி அடித்தே ஆக வேண்டும் என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லுகிற முதல் விதி. வாய்க்குப் போகிற பொருள் என்றால் விதி. வண்டிக்குப் போகிற பொருள் என்றதும் சோப்பு போதும் என்று தோன்றிவிட்டது.

மறைக்கலாம். அபின் ஏற்கெனவே பழியைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். பொன்செல்வி அன்று மாலையே நேமத்துக்குப் போனாள். சீலை அவர் முன்னால் வைத்தாள்.

"சீல்ல ஒரு குத்தமும் இல்ல. உங்க கையிலயும் இல்ல. நான் ஒழுங்கா கழுவல. தப்பு என்னுது."

அபின் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து வருடமாகப் பாலிஷ் போட்ட பாட்டம் கொண்டுவருகிற வண்டிகளில் சீல் நிற்காமல் தான் திட்டு வாங்கிய கதைகளைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சீல் கம்பெனியைத்தான் திட்டியிருக்கிறார். அதற்குள்ளே பாலிஷ் தூள் இருக்கும் என்று தோன்றியதே இல்லையாம். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அவர் சந்தோஷப்பட்டது விசித்திரமாக இருந்தது.

இரண்டு பாட்டங்களையும் லேபுக்குக் கொண்டுபோய், கேப்புகளுக்கு அடிக்கிற அதே மெஷினில் மூலை மூலையாக நீராவி அடித்தாள். வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை. ஏழாவது துணி வெள்ளையாக வந்தது. எட்டாவதும் விட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கசியவில்லை.

இனி மீதி இருந்தது விஜய்குமார். விழுந்ததற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட ஏறவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தினமும் வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு, கழக்கூட்டம் பஸ்ஸுக்கு நடந்துபோவார். ஒருநாள் அவரே, கொஞ்சம் தயங்கி, ஒரு ஏற்பாடு சொன்னார். பயம் என்று சொல்லவில்லை. சோதனை என்று சொன்னார். ஞாயிறுதோறும் அவள் தனியாக நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். வந்ததும் இரண்டு பைப்பையும் அவர் வெள்ளை டிஷ்யூவால் துடைப்பார். மூன்று ஞாயிறு டிஷ்யூ கறுக்காமல் இருந்தால் நாலாவது ஞாயிறு அவர் ஏறுவார்.

பொன்செல்விக்கு இது அவமானமாகத் தோன்றவில்லை. இரண்டு பல்லைக் கொடுத்த மனிதருக்கு இந்த உரிமை உண்டு என்றாள். வர்க்கலைக்கு ஒரு தடவை, களியக்காவிளை தாண்டி ஒரு தடவை, கொல்லம் போகும் வழியில் ஒரு தடவை. திரும்பி வந்ததும் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து துடைப்பார். மூன்று டிஷ்யூவையும் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வைத்திருந்ததை அவளே என்னிடம் காட்டினாள்.

நாலாவது ஞாயிறு அவர் முகம் முழுக்க மூடுகிற புது ஹெல்மெட்டோடு வெளியே வந்தார். எங்கே போகலாம் என்று அவள் கேட்டாள். பக்கத்தில் எங்காவது என்று சொல்வார் என்று நினைத்திருந்தாள்.

"பொன்முடி," என்றார்.

பொன்முடிக்கு ஏறுவதற்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஏன் அதைச் சொன்னீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். பாதிச் சோதனை சோதனை இல்லை என்றார் விஜய்குமார்.

நெடுமங்காடு, விதுரை வரைக்கும் அவருடைய இரண்டு கையும் பின்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததை வண்டியின் அசைவிலேயே அவளால் உணர முடிந்தது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு ஹார்ன். ஒன்பதாவதோ பத்தாவதோ வளைவில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு சர்க்கார் பஸ் பாதிச் சாலைக்கு மேலே எடுத்துக்கொண்டு இறங்கி வந்தது. மலை வளைவில் பஸ்ஸுக்கு வேறு வழி கிடையாது. பொன்செல்வி பிரேக் பிடித்தாள். முன்பக்கம் நன்றாக அமுங்கியது. சக்கரம் ஓரத்து ஜல்லியில் இறங்கி, ஒரு கல்மேல் ஏறி, திரும்பத் தாருக்கு வந்தது. கைப்பிடி அவள் கைக்குள்ளேயே இருந்தது. இரண்டு காலும் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன. பஸ் கடந்து போனது. டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் நிறுத்தவில்லை. கியரை மாற்றி ஏறினாள்.  இரண்டு வளைவு கழித்துத்தான் கம்பியிலிருந்து ஒரு கை எடுபட்டு அவள் தோளில் வந்து உட்கார்ந்ததை உணர்ந்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தார். அடுத்த வளைவில் இன்னொரு கையும்.

மேலே பனி மூடி எதுவும் தெரியவில்லை. கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, எதையும் பார்க்காமலே இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் அதில் குறையொன்றும் தோன்றவில்லை.

நெடுமங்காட்டுக்கு முன்னால் நேர்ச்சாலை வந்தபோது அவள் முதுகில் ஏதோ பாரமாகச் சாய்ந்தது. விலகியது. திரும்பச் சாய்ந்தது. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். விஜய்குமார் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரை எழுப்பி, இறக்கி, ஒரு தட்டுக்கடையில் உட்கார வைத்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து தூங்குகிற ஆளை முதல்தடவையாகப் பார்க்கிறேன், கீழே விழுந்தால் இந்தத் தடவை கேப் போடக்கூட மிச்சம் இருக்காது என்று நல்ல வேகத்தில் திட்டினாள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, தூங்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன் என்றார். குறட்டை கேட்டதே என்றாள்.  அவர் பால் இல்லாத கட்டன் சாயா இரண்டு குடித்தார்.

அங்கிருந்து வீடு வரைக்கும் அவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தாள். பேரூர்க்கடை சந்திப்பில் சிக்னலில் நிற்கும்போது, அடுத்த ஞாயிறு கோட்டயம் போய் மகளைப் பார்த்துவிட்டு வரலாமா என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது. திங்கட்கிழமை லேபில் ஒரு பிரிட்ஜ் வேலை முடித்துக் கொடுக்க வேண்டும், ஆறு பல், அதை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் பொன்செல்வி. பச்சை விழுந்தது.